ஆட்டுக்குட்டி இரண்டாம் முறை வந்தபோது

ஓய்வு பெற்றபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. அதை ஓய்வு என்று சொன்னது கம்பெனிதான். தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ப் படம் காட்டும் பிரிவை மூடினார்கள். வீடியோ கேசட் வாடகைப் பிரிவுக்கு மாற விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். நான் விலகிக்கொண்டு, தானா ராத்தா என்ற மலை ஊரில் ஒரு சின்ன அறையில் ரேடியோவும் டெலிவிஷனும் பழுது பார்க்கிறேன்.

போன மாதம் அந்த வீடியோ பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் ஓடாத கேசட் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி கேட்டாள்.

"அக்கா, உங்க காலத்துல படம் ஓடுறப்ப பக்கத்துல ஒரு ஆளு ஒக்காந்து மைக்ல கதை சொல்லுவாராமே. நெசமா?"

எனக்கும் அவர்களுக்கும் பத்து வயது வித்தியாசம்கூட இருக்காது. நெசம்தான் என்றேன்.

"அப்ப படத்துல பேசுறது கேக்காதே."

"கேக்காது."

"அவரு மாத்திச் சொன்னா யாருக்குத் தெரியும்?"

மெஷினில் தேய்ந்துபோன ரப்பர் பட்டையை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். ஒரு முறை அதே கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வந்தது. நான் என்ன எழுதுகிறேனோ அதைப் பொறுத்து ஒரு மனிதர் கையில் மைக் இருக்கும், அல்லது இருக்காது. அப்போது நான் எழுதியது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. வரிசையாக எழுதிப் பார்த்தால் தெளியலாம்.

ஈப்போவில் இரண்டு வருடம் தொழிற்பள்ளி. எழுபதுகளின் நடுவில் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் ரீல் சுற்றினேன். அடுத்த மூன்று மாதம் அறுந்த ஃபிலிமை ஒட்டினேன். ஏழாவது மாதம் மெஷின் என் கைக்கு வந்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

எங்கள் வேனில் இரண்டே பேர். மெஷினுக்கு நான். வேன் ஓட்டவும் மைக்கில் கதை சொல்லவும் பக்கிரி அண்ணன். அவர் முன்பு ஒரு தோட்டத்தில் காலைப் பெரட்டில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டவர். அந்தக் குரலுக்காகவே கம்பெனி அவரை எடுத்தது. படங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும், பார்ப்பவர்கள் தமிழர்கள். படத்தின் ஒலியைக் குறைத்துவிட்டு இவர் தமிழில் சொல்வார். பாட்டு வந்தால், சண்டை வந்தால், ஒலியைக் கூட்ட வேண்டும். குறைப்பதும் கூட்டுவதும் என் வேலை. மெஷின் வைத்த மேசையில் அவர் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் குறைக்க வேண்டும், இரண்டு தட்டினால் கூட்ட வேண்டும். மெஷின் சத்தத்தில் அது காதில் விழாது. மேசையில் வைத்த கையில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குக் காட்சி. மலையில் நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும். பிறகு படம் திரைக்குப் போய்ச் சேராமல் பாதி வழியில் பனியிலேயே தெரியும். அதனால் பழைய கொழுந்துக் கிடங்கின் ஜன்னல்களைக் கோணிச் சாக்கால் மூடிப் பகலிலேயே காட்டுவோம். மெஷினைப் பன்னிரண்டு மணிக்கே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். வேனில் குளிர்ந்து வந்த லென்ஸ், ஆள் நிறைந்த அறையில் வியர்த்துப்போகும். அது அறையின் சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். பிறகு ஃபிலிம் ஓடும் வழியைத் துடைக்க வேண்டும், விளக்குக்கு மேலும் கீழும் ஃபிலிமில் விரல் நுழையும் அளவு வளைவு விட வேண்டும், முதல் பத்தடியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். வளைவு இறுகினால் படம் துள்ளும்.

எங்கள் மேலாளர் நவரத்தினம் ஐயா, ஈப்போவில் குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வெயிலோ மழையோ, சுருட்டிய குடையோடுதான் வருவார். அதை விரித்து நான் பார்த்ததில்லை. யாரையும் திட்ட மாட்டார். காட்சியில் ஏதாவது கெட்டுப்போனால், கெட்டதைச் சொன்னவுடன் "பிறகு?" என்பார். அடுத்ததைச் சொன்னால் மறுபடியும் "பிறகு?" சொல்ல ஒன்றுமில்லாமல் ஆகும்வரை கேட்பார். அவரிடம் ஆறு படி இருந்தது. விளக்கு, லென்ஸ், ஃபிலிம், ஒலிபெருக்கி, வயர், ஆட்கள். இந்த வரிசையில்தான் பிழையைத் தேட வேண்டும்.

"ஆட்கள் ஏன் ஐயா கடைசியில?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"விளக்கில பிழையெண்டா மாத்திப்போடலாம் பிள்ளை. ஆளில பிழையெண்டா என்ன செய்யிறது? அதுதான்."

ஒவ்வொரு காட்சிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் அறிக்கை எழுத வேண்டும். எந்த ரீலில், எத்தனையாவது நிமிடத்தில், என்ன நடந்தது. கடைசிக் கட்டம் 'காரணம்'. அதில் 'தெரியவில்லை' என்று எழுதக்கூடாது. தெரியாதெண்டால் இன்னும் பாக்கேல்லை எண்டு அர்த்தம் என்பார்.

இனி படம். கையால் வரைந்த ஒரு கார்ட்டூன் படம், நாலு ரீல். நான் சேர்வதற்கு முன்பே எங்களிடம் இருந்தது. ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டியும் அதன் அம்மாவும் மலை ஏறும்போது பனிப்புயல் வரும். திரை முழுக்க வெள்ளையாகிவிடும், அரை நிமிடத்துக்கு ஒன்றுமே தெரியாது. வெள்ளை விலகும்போது குட்டி மட்டும் நிற்கும். பிறகு ஒரு காக்கையும் ஒரு கிழட்டு நாயும் துணைக்கு வர, மலை மலையாக ஏறி ஒரு மந்தையைக் கண்டுபிடிக்கும். மந்தையிலிருந்து ஒரு பெரிய வெள்ளை ஆடு இறங்கி வரும். குட்டி அதைப் பார்த்து ஓடும். படம் முடியும்.

அந்த அரை நிமிட வெள்ளையில் பக்கிரி அண்ணன் சொல்வார்: "அம்மா எங்கயும் தொலஞ்சி போகல பிள்ளைங்களா. அந்தப் பக்கத்து மலைக்குப் போயிருக்கு. பனி விட்டதும் தேடிப் போலாம்." கடைசியில் பெரிய ஆடு வரும்போது, "வந்துருச்சு பாரு" என்பார். இரண்டே சொல். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவருக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். பதினாலு தோட்டங்களில் வருடத்துக்கு இரண்டு முறை இந்தப் படத்தைத்தான் கேட்பார்கள். அதில் எங்கெல்லாம் ஒலியைக் குறைக்க வேண்டும், எங்கெல்லாம் கூட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் ஐம்பத்திரண்டு இடம். இரண்டாவது வருடத்துக்குப் பிறகு அவர் தட்டவே வேண்டியிருக்கவில்லை.

ஏழு வருடம் இப்படிப் போனது. பிறகு அதே கதையை நிஜ ஆடுகளையும் நிஜ மனிதர்களையும் வைத்து மறுபடி படமாக எடுத்திருக்கிறார்கள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கூடவே தமிழில் தட்டச்சு செய்த பதினோரு பக்கம். விளக்கம் சொல்பவர் இதைத்தான் படிக்க வேண்டும், சொந்தமாக எதுவும் சேர்க்கக்கூடாது என்று மேலே எழுதியிருந்தது. கடிதமும் ஃபிலிம் பெட்டியும் சனிக்கிழமை சாயங்காலம் வந்தன. ஃபிலிமின் இரண்டு ஓரத்தையும் விரலுக்கிடையில் ஓட விட்டுக் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. படத்தை ஓட்டிப் பார்க்க நேரமில்லை. என் பக்கத்துத் தவறு அது. அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் கோலா தெர்லாவைத் தாண்டிப் போகும்போது பக்கிரி அண்ணன் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் காகிதமுமாக ஓட்டினார்.

"பள்ளிக்கூடத்துலகூட நான் இவ்ளோ படிச்சதில்ல தங்கச்சி. 'யாதெனில்'னு போட்டுருக்கான். யாதெனில்னா என்னா லா?"

"ரோட்ட பாருங்க அண்ணே."

நாங்கள் போன தோட்டத்தில் கிடங்கு நிறைந்துவிட்டது. காய்கறித் தோட்டங்களிலிருந்து லோரியில் வேறு வந்திறங்கினார்கள். நிஜ ஆடு நடிக்கிறது என்பதுதான் பேச்சு. முன்வரிசைப் பாய்க்குப் பின்னால் ராக்கம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். கொழுந்து எடுப்பவர், லயத்து வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு ஆடு வளர்ப்பவர். எந்தக் காட்சியிலும் அவர் வாய் சும்மா இருக்காது. மக்களுக்கு அதுவும் படத்தோடு சேர்த்தி.

படம் தொடங்கியது. அழகான மலை, நல்ல கலர். குட்டி வந்தது. ஓடியது, நின்றது, புல் தின்றது. குட்டி பேசும் இடத்தில் அதன் வாய் அசையவில்லை. பக்கிரி அண்ணன் காகிதத்தைப் பார்த்து, "அன்னையே, இம்மலைக்கு அப்பால் இருப்பது யாதெனில்" என்று படித்தார். யாரோ சிரித்தார்கள்.

ஐந்தாவது நிமிடத்தில் ராக்கம்மா அக்காவின் குரல்.

"இது வேற குட்டி."

"சும்மா இரு அக்கா."

"என்னா சும்மா இரு? மொத வந்தது பொட்டை. இது கிடா. கண்ணு இல்லயா உங்களுக்கு?"

எல்லோரும் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. ஆடு வளர்ப்பவர்கள் நிறைந்த கூட்டம் அது. அதற்குப் பிறகு யாரும் கதையைப் பார்க்கவில்லை, குட்டியைத்தான் பார்த்தார்கள். இந்தக் குட்டிக்குக் கொம்பு முளைக்குது, அதுக்கு இல்லை. இது மாசம் மூணு, அது ஒண்ணரை. முதல் ரீல் முடிவதற்குள் மூன்று குட்டிகள் என்று முடிவாகிவிட்டது. "எங்க வீட்டு ஆடு இதவிட நல்லா நடிக்கும் லா," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். என்றாலும் யாரும் எழுந்து போகவில்லை. அம்மா வரட்டும் என்று இருந்தார்கள்.

இரண்டாவது ரீலில் அம்மா ஆடு பாறையிலிருந்து விழுந்தது. இதில் பனிப்புயல் இல்லை, வெள்ளைத் திரை இல்லை. விழுந்தது, அடிபட்டது, அசையாமல் கிடந்தது. ஒரு மனிதர் வந்து குழி தோண்டினார். எல்லாம் பட்டப்பகலில், தெளிவாக.

பக்கிரி அண்ணன் படிப்பதை நிறுத்திவிட்டார். காகிதத்தில் அடுத்த வரி 'தாய் ஆடு இறந்தது' என்பது. டார்ச் வெளிச்சத்தில் எனக்கும் தெரிந்தது. ஒரு பிள்ளை, "மாமா, அம்மா என்னாச்சு?" என்றது. இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் கேட்டன. அவர் காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு அவருடைய பழைய குரலில் மைக்கில் சொன்னார்:

"இது அந்த அம்மா இல்ல பிள்ளைங்களா. இது வேற ஆடு. அம்மா அந்தப் பக்கத்து மலையில இருக்கு. கடைசில வரும், பாருங்க."

நான் பதிவேட்டில் எழுதினேன்: ரீல் 2, நிமிடம் 11, காகிதத்தை விட்டுப் பேசினார்.

மூன்றாவது, நாலாவது ரீல் முழுக்க அவர் காகிதத்தைத் தொடவில்லை. கூட்டம் அமைதியாகிவிட்டது. ராக்கம்மா அக்காகூட அமைதி. ரீல் மாற்றும் நாலு நிமிடத்தில் வழக்கமாகப் பக்கிரி அண்ணன் அடிக்கும் கிண்டல் ஒன்றும் இல்லை. என் பக்கம் குனிந்து, "கடைசில வரும்ல?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? வரும் என்று நினைக்கிறேன் அண்ணே என்றேன்.

ஐந்தாவது ரீலில் மந்தை வந்தது. ஒரு பெரிய ஆடு இறங்கி வந்தது. உடம்பு வெள்ளைதான். ஆனால் இரண்டு காதும் நல்ல பழுப்பு, ஒரு கொம்பு உடைந்திருந்தது. அது அந்த அம்மா இல்லை என்று சொல்ல ஆடு வளர்த்திருக்க வேண்டியதில்லை. பக்கிரி அண்ணன் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். குறை. ஒலி ஏற்கெனவே குறைந்துதான் இருந்தது. குறைக்க ஒன்றுமில்லை. அவர் மறுபடியும் ஒரு தட்டுத் தட்டினார்.

"யோவ் பக்கிரி," என்றார் ராக்கம்மா அக்கா. "எங்கய்யா அம்மா? வரும்னு சொன்னீல்ல. ஏமாத்துனது நீயா, படமா?"

பக்கிரி அண்ணன் மைக்கை அணைத்துவிட்டார். படம் இன்னும் மூன்று நிமிடம் ஓடியது. ஜன்னல் சாக்குகளை விலக்கியபோது பிள்ளைகள் சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். பெரியவர்கள் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். ஏழு வருடத்தில் அப்படிப் போனதில்லை.

செவ்வாய்க்கிழமை தோட்ட ஆபீஸ் கிராணியின் கடிதம் வந்தது. விளக்கம் சொன்னவர் படத்துக்கு மாறாகப் பேசி மக்களைக் குழப்பினார், அடுத்த காட்சி வேண்டுமா என்று தோட்டத்துத் துரை கேட்கிறார் என்று இருந்தது. பக்கிரி அண்ணனின் வேலை வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அந்த மாதம் புதுப்பிக்கும் மாதம்.

நவரத்தினம் ஐயா குடையை மேசையின் ஓரத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"விளக்கு?"

"சரி ஐயா."

"பிறகு?"

ஐந்து படியும் சொன்னேன். ஐந்தும் சரி. ஆறாவதுக்கு வந்தபோது அவர் 'பிறகு' என்று கேட்கவில்லை. "பழைய படத்தையும் போடும் பிள்ளை," என்றார். "இவர் எந்த இடத்தில மாத்தினவர் எண்டு பாக்க, முதல் இருந்தது என்ன எண்டு தெரிய வேணும். சத்தத்தை முழுசா வையும்."

ஸ்டோர் அறைச் சுவரிலேயே ஓட்டினேன். ஐம்பத்திரண்டு இடத்தில் எதிலும் கை வைக்கவில்லை. கை தானாக நகர்ந்ததால் பின்னால் கட்டிக்கொண்டேன். வெள்ளைத் திரை வந்தது. கதை சொல்லும் ஆணின் குரல் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னது, அந்தப் பனியில் அம்மா விழுந்தது, பிறகு எழுந்திருக்கவில்லை என்று. அவ்வளவு எளிய இங்கிலீஷ். எனக்கே புரிந்தது. நாலாவது ரீலில் ஓர் இரவில் காக்கை நாயிடம் பேசுகிறது. மேலே மந்தையில் தன் குட்டியைப் பறிகொடுத்த ஓர் ஆடு இருக்கிறது, அதனிடம் இதைச் சேர்த்துவிடலாம் என்கிறது. குட்டி பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறது. அந்த இடத்தில் பக்கிரி அண்ணன் எப்போதும் குளிரைப் பற்றி ஒரு கிண்டல் சொல்வார். என் பட்டியலில் அது முப்பத்தெட்டாவது. குறை.

படம் முடிந்து ரீல் காலியாகச் சுற்றியது. நான் அணைக்கவில்லை. அவரும் அணைக்கச் சொல்லவில்லை.

"நான் இந்தப் படத்தைப் பத்துத் தரமாவது பாத்திருப்பன்," என்றார். "தாய் மற்ற மலையில இருக்கு எண்டுதான் நானும் நினைச்சனான்."

கார்ட்டூனில் எல்லா ஆடும் ஒரே கையால் வரைந்தவை. அம்மாவையும் கடைசி ஆட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் ஏழு வருடம் யாரும் கேட்கவில்லை. நிஜ ஆட்டுக்குக் காது பழுப்பாக இருந்துவிட்டது. புதுப் படம் கெட்ட படமா? மூன்று குட்டிகளை மாற்றி மாற்றிக் காட்டியது கவனக்குறைவுதான், வாய் அசையாததும் குறைதான். ஆனால் கதையை அது மாற்றவில்லை. மாறாமல் சொன்ன படத்தைத்தான் எங்கள் மக்கள் பொய் என்றார்கள்.

அன்று மதியம் பக்கிரி அண்ணனைப் பிரிஞ்சாங்கில், மாமாக் என்று சொல்லும் முஸ்லிம் ரொட்டிக் கடையில் பார்த்தேன். ரொட்டியைப் பிய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். பழைய படத்தில் அந்த இடத்தில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஐயாவும் நானும் முழுச் சத்தத்தில் கேட்டதை நான் சொல்லவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்? படத்துல அப்பிடித்தான இருக்கு."

"வெள்ளையாத்தான் இருக்கு அண்ணே."

"பிள்ளைங்க மொகத்தப் பாத்து சொன்னேன்னு வச்சுக்க."

"எது அண்ணே, பழைய படத்துலயா புதுசுலயா?"

"ரெண்டும்தான். நீ ஏன் கொறச்ச?"

"நீங்க தட்டுனீங்க."

"ஒரு நாளாச்சும் ஏன் தட்டுறீங்கன்னு கேட்டியா?" கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. பிறகு, "நடந்தத எழுது தங்கச்சி. எனக்காக மெஷின் கெட்டுப்போச்சுன்னு எழுதிடாத. நீ அப்பிடி எழுதுனா நான் பொய் சொன்னேன்னு ஆயிரும்," என்றார்.

மெஷின் பழுது என்று எழுதலாம் என்று நான் நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அது என் பேரில் விழும். தலைமை ஆபரேட்டர் பதவிக்கு என் பெயர் போயிருந்த சமயம். அவர் அந்த வழியை அடைத்துவிட்டார். எனக்கு நிம்மதியா வருத்தமா என்று அப்போதும் புரியவில்லை.

அறிக்கையை இரண்டு முறை எழுதினேன். முதலாவதைக் கிழித்தேன். இரண்டாவதில் இவற்றை வரிசையாக எழுதினேன். படத்தை முன்கூட்டி நான் ஓட்டிப் பார்க்கவில்லை. ரீல் 2, நிமிடம் 11இல் அவர் காகிதத்தை விட்டுப் பேசினார். அவர் பேசியது, ஏழு வருடமாக அதே மக்களிடம் அவர் சொல்லிவந்தது. அந்த ஏழு வருடமும் பழைய படத்தில் அந்த இடத்தில் ஒலியைக் குறைத்தவள் நான். காரணம்: தெரியவில்லை.

நவரத்தினம் ஐயா படித்தார். கடைசிச் சொல்லின் மேல் பேனாவை வைத்தார்.

"இது இந்தப் புத்தகத்தில வரக்கூடாத சொல் பிள்ளை."

"ஆறையும் பாத்துட்டேன் ஐயா."

"பிறகு?"

"பிறகு இல்ல ஐயா."

கையெழுத்துப் போட்டார். அந்தச் சொல்லை அடிக்கவில்லை.

மூன்று வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இனி விளக்கம் கேசட்டில் பதிவாகி வரும், மைக் தேவையில்லை, பக்கிரி விரும்பினால் வேன் ஓட்டுநராக மட்டும் தொடரலாம். என் அறிக்கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என் அறிக்கையால் இது நடந்ததா, அல்லது அதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. பழைய ஃபிலிமைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். புதுப் படத்தைக் கேசட்டோடு ஆறு மாதம் காட்டினோம். எந்தத் தோட்டத்திலும் இரண்டாம் முறை கேட்கவில்லை. எனக்குத் தலைமை ஆபரேட்டர் பதவி கிடைத்தது.

பக்கிரி அண்ணன் வேன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கோலா தெர்லாவில் காய்கறி கட்டும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் கம்போங் ராஜாவுக்கு ஒரு காட்சிக்குப் போகும் வழியில் இறங்கிப் பார்த்தேன். கோஸ் மேலிலைகளை வெட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நலம் விசாரித்தார். புது டிரைவர் எப்படி, வளைவில் ஹாரன் அடிக்கிறானா என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, ஒன்னு கேக்கணும். வேலையப் பத்தி இல்ல. ஐயாவோட ஒக்காந்து பழைய படத்த முழுச் சத்தத்துல கேட்டியாமே."

"கேட்டேன் அண்ணே."

"நெசமாவே செத்துருச்சா?"

ஒரு வருடமாக அவர் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கும் சொல்ல ஒரு வருடம் இருந்தது. சொல்லியிருக்கவில்லை.

"ஆமா அண்ணே. அந்த வெள்ளையிலயே. கடைசில வர்றது வேற ஆடு. அதோட குட்டி செத்துப்போயிருக்கு. காக்கா நாய்கிட்ட சொல்லுது."

அவர் இரண்டு கோஸை எடுத்து இலை வெட்டிக் கூடையில் போட்டார்.

"பதினாலு தோட்டம்," என்றார்.

"ஆமா."

"நாய்கிட்டத்தான சொல்லுது. குட்டிகிட்ட இல்லயே."

"குட்டி படுத்துருக்கு."

"தூங்குதா?"

"கண்ணு மூடியிருக்கு அண்ணே. தூங்குதான்னு தெரியல."

"அப்ப கடைசில வால ஆட்டிக்கிட்டு ஓடுதே, அது தெரிஞ்சு ஓடுதா, தெரியாம ஓடுதா?"

ரீல் 4, நிமிடம் எட்டு. குட்டி நிற்கும், ஒரு காதைத் தூக்கும், பிறகு ஓடும். என் பட்டியலில் அந்த இடத்துக்கு இரண்டு தட்டு. கூட்டு. அதனால் அந்த இடத்தை நான் எல்லாக் காட்சியிலும் முழுதாகக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொன்னேன்.

"அந்த எடத்துல யாரும் பேச மாட்டாங்க அண்ணே. மியூசிக் மட்டும்தான்."

"யாருமே?"

"யாருமே இல்ல."

"அப்ப அங்க 'வந்துருச்சு பாரு'ன்னு பேசுனது நான் மட்டும்தான்," என்றார்.

அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. லோரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்து, மறுபக்கத்தைப் பிடிக்கும்படி என்னிடம் தலையசைத்தார். இருவருமாகத் தூக்கி லோரியில் வைத்தோம்.